அருள் யாருக்குப் பயந்தான்?

என் மகன் இயேசுவின் பெயரைக் கேட்டாலே அலறினான். பங்கு மக்களே, சாட்சியை இப்படித் தொடங்குவதற்கு மன்னியுங்கள். ஒரு தவக்காலம் முழுவதும் எங்கள் வீட்டில் எரிந்த நெருப்பு அதுதான்.

நான் மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருகிறவன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பயந்த சுபாவம். கிழக்கே ஒரு மேகம் கறுத்தால் போதும், குவித்த உப்பு கரைந்துவிடுமே என்று எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவன் கையில்தான் ஆண்டவர் என் மகன் அருளைக் கொடுத்தார். ஆறு வயதாகியும் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்பமாட்டான். பாட்டில் மூடி ஒன்று கிடைத்தால் பொழுதெல்லாம் அதைச் சுற்றிவிட்டுக்கொண்டே இருப்பான்.

போன வருஷம் தவக்காலத்தில் அவனைக் குணமளிக்கும் செபக்கூட்டத்துக்குத் தூக்கிப்போனோம். மேடைக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்தார்கள். செபித்த சகோதரர் நல்ல மனுஷர், என் பிள்ளைக்காகக் கண்ணீர் விட்டவர். அவன் தலையில் கை வைத்து மைக்கில் “இயேசுவின் நாமத்தில்” என்றார். அருள் உடம்பை வில்லாக வளைத்து அலறினான். அவர் நிறுத்தினார், இவன் அடங்கினான். மறுபடி சொன்னார், மறுபடி அலறினான். கூட்டமே முழங்காலில் விழுந்தது.

“பேரைக் கேட்டாலே துடிக்குது பாரு. உள்ள இருக்கறது யாருன்னு இன்னுமா தெரியல?” என்றது பின்னாலிருந்து ஒரு அம்மா.

என் அண்ணன் சூசை மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். அருள்மேல் உயிராக இருப்பார். மறுநாளே ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டியைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் வைத்தார். “டேய், பாட்டும் செபமும் நிக்கவே கூடாது. அது தாங்காம ஓடிடும்” என்றார். பகல் முழுக்க ஓடியது. அருள் சுவரில் முட்டினான். வலது காதில் அறைந்துகொண்டே இருந்தான். ரத்தம் வந்தது, பிறகு சீழ் வந்தது. என் மனைவி ஸ்டெல்லா சுவரோரம் தலையணைகளை அடுக்கிவைத்தாள். நான் ஸ்பீக்கரை நிறுத்தக் கை நீட்டுவேன். நிறுத்தினால் சாத்தானுக்கு இடம் கொடுத்தவன் ஆகிவிடுவேனோ என்று கையை இழுத்துக்கொள்வேன்.

பாஸ்கா திருநாள் நெருங்கும்போது அண்ணன் வேறொன்று சொன்னார். தூரத்தில் ஒரு செபவீடு இருக்கிறதாம். இப்படிப்பட்டவர்களை அங்கேயே வைத்துக்கொள்வார்களாம். பெரிய வெள்ளிக்குள் விட்டுவிட்டு வரலாம் என்று வேனும் பேசிவிட்டார்.

“சங்கிலி போடுவாங்களாண்ணே?”

“ஓடிப்போகாம இருக்க, லேசாதான்டா.”

ஸ்டெல்லா இரண்டு விரலை வளைத்துக் காட்டினாள். “என் புள்ள காலு இம்மாந்தான் இருக்குது மாமா. எங்க போடுவாங்க?”

அண்ணன் அழுதார். ஆனால் வேன் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. பயத்தில் நானும் சொல்லவில்லை.

அடுத்த நாள் உச்சி வெயிலில், பாத்தி நடுவில் உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு நின்றேன். அவனைக் குணமாக்கும் என்று கேட்டுக் கேட்டு நாக்கு வறண்டுபோயிருந்தது. அதனால் வேறு கேட்டேன். “ஆண்டவரே, என் புள்ள உமக்கா பயப்படறான்? அதை மட்டும் சொல்லும். உமக்குத்தான்னா அனுப்பிடறேன்.” தண்ணீர் இறைக்கிற மோட்டார் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்த வாரமே பள்ளிக்கூடத்து டீச்சர் ஸ்டெல்லாவிடம், இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பார்க்கப் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு சைக்காலஜிஸ்ட் மேடம் அங்கே வருகிறார் என்றார். பெயர் நூர்ஜகான். நம் செபத்தைப் பற்றி அவரிடம் எப்படிச் சொல்வது, கேலி செய்வாரோ என்று போகிற வழியெல்லாம் எனக்குக் கவலை.

மேடம் தரையில் அருளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கடகடத்த ஃபேனை முதலில் நிறுத்தச் சொன்னார். நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். சிரிக்கவில்லை.

“வேற எதுக்கெல்லாம் கத்துவான்?”

“குக்கர் விசில், மிக்சி, பஸ் ஹாரன், உப்பளத்து மோட்டாரு…” என்று ஸ்டெல்லா அடுக்கினாள்.

“மோட்டாருக்குமா? அது என்னம்மா செபமா பண்ணுது?”

ஸ்டெல்லா சிரித்துவிட்டாள். அவள் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

“இவனுக்கு ஆட்டிசம் இருக்குதுங்க. நமக்கு அது சத்தம், இவனுக்கு அது வலி. சொல்லத் தெரியாம கத்தறான்” என்றார் மேடம். பிறகு என்னைப் பார்த்தார். “நீங்க பண்ற செபத்தையே பண்ணுங்க. மைக் இல்லாம, காதுகிட்ட, மெதுவா.”

“கத்தினான்னா?”

“நிறுத்திடலாங்க.”

குனிந்து, நல்ல காதுப் பக்கம், “இயேசுவே, என் மகன்மேல் இரக்கமாயிரும்” என்றேன். மூடி சுற்றிக்கொண்டே இருந்தது. அவன் அலறவில்லை. இன்னொரு முறை சொன்னேன். மூடியை விட்டுவிட்டான். என் மடியில் ஏறி, நெற்றியை என் தொண்டையில் வைத்து அழுத்திக்கொண்டான். அழுகை வந்து நான் நிறுத்தினேன். அவன் நெற்றியால் முட்டினான். நிறுத்தாதே என்று முட்டினான்.

உப்பளத்தில் நான் கேட்டதற்குப் பதில் அதுதான். என் பிள்ளை அவருக்குப் பயப்படவில்லை.

பதில் கொஞ்சம் தாமதமாக வந்தது என்பதையும் மறைக்கமாட்டேன். வலது காதின் ஜவ்வு கிழிந்துவிட்டது, அது இனிச் சரியாகக் கேட்காது என்று காது டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணனிடம் சொன்னேன். “நல்லதுக்குன்னு நெனச்சேன்டா” என்றார். வேனை வேண்டாம் என்றார். ஸ்பீக்கர் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்.

பாஸ்கா ஞாயிறு பூசைக்கு நாங்கள் கோயிலின் பக்கவாசலில் நின்றோம். அண்ணன் ஏணியில் ஏறி, எங்கள் பக்கம் பார்த்திருந்த ஒலிபெருக்கிக் குழாயை வேறு பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

“ஏம்பா, பூசை நேரத்துல மேல என்ன வேலை?” என்று யாரோ கேட்டார்கள்.

“என் தம்பி புள்ள வர்றான்” என்றார்.

அருள் இன்னும் பேசவில்லை. மேடத்திடம் மாதாமாதம் போகிறோம். பசித்தால் தட்டைக் கொண்டுவந்து கொடுக்கக் கற்றிருக்கிறான். எனக்குப் பிறகு அவனை யார் பார்ப்பார்கள் என்ற பயம் என்னை இன்னும் விடவில்லை. ஆனால் அந்தப் பயத்தோடு நான் செபிக்கிறேன், என் தொண்டையில் அவன் நெற்றி இருக்கிறது. ஆண்டவருக்கு நன்றி.

இப்படி ஒரு பிள்ளை உங்கள் வீட்டிலும் இருந்தால் பயப்படாமல் செபியுங்கள், டாக்டரிடமும் காட்டுங்கள். ஆனால் மெதுவாகச் செபியுங்கள். உப்பளத்தில் நான் வாய்க்குள் முனகியதே ஆண்டவருக்குக் கேட்டது.