வடகவுஞ்சியில் பஸ் ஏறும் ஃபிகர் ஸ்கேட்டிங் பயிற்சியாளர்

பனித்தளத்தில் ஏறிவிட்டேன் என்று அன்று செல்வராணி மிஸ்ஸிடம் நான் சொல்லவில்லை.

கொடைக்கானலில் விடுதியில் தங்கிப் படித்த நாட்களில் எனக்கு ஃபிகர் ஸ்கேட்டிங் கற்றுக்கொடுத்தவர் அவர். சக்கரம் வைத்த ஸ்கேட்ஸில், சிமெண்ட் தரையில். பனித்தளத்தை அவர் பார்த்ததே இல்லை. "ஐஸ்ல ஏறுனா ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் ஏறணும்" என்று என் பதினைந்தாவது வயதில் சத்தியம் வாங்கியிருந்தார். 2008 ஜனவரியில் டெல்லி அலுவலகத் தோழிகளோடு சிம்லா போனபோது, நான் மட்டும் ஏறிவிட்டேன். பிப்ரவரியில் விடுப்பில் பழனி வீட்டுக்கு வந்ததும், நேரில் சொல்லிவிடலாம் என்றுதான் கிளம்பினேன்.

பழனியிலிருந்து கொடைக்கானல் சுமார் 65 கி.மீ. காலை 7.10 பஸ், கட்டணம் 24 ரூபாய். வளைவுகள் அதிகம். வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள், பொங்கலும் வேண்டாம். இரண்டு இட்லி சரியான அளவு. 8.50க்கு வடகவுஞ்சியில் பூண்டு மூட்டைகள் மேலே ஏறின, மிஸ் உள்ளே ஏறினார். அவர் வீடு அங்கேதான்.

"மிஸ்ஸுக்கு எடம் விடுங்கப்பா, வழுக்கிறப் போறாங்க" என்றார் கண்டக்டர்.

"ஏலே, ஒன் பஸ்ல நின்னுதான் எனக்குப் பேலன்ஸே வந்துச்சு" என்றவர் என்னைப் பார்த்துவிட்டார். "என்னா புள்ள, டெல்லியில சோறு போடுறாங்களா இல்லையா?"

மிஸ் பதினோரு வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர். அப்பாவுக்குக் கொடைக்கானலில் ஒரு மன்றத்துக் கூடத்தைப் பெருக்கும் வேலை. கூடப் போன சிறுமி, அங்கே சறுக்க வந்த வெள்ளைக்கார ஆசிரியை ஒருவரைப் பார்த்தே பழகினாள். ஊர் திரும்பும்போது அந்த அம்மா தன் சக்கர ஸ்கேட்ஸையும் ஒரு படப் புத்தகத்தையும் கொடுத்துவிட்டுப் போனார். அது பனித்தளத்தில் சறுக்குவதற்கான புத்தகம். மிஸ்ஸுக்கு அது தெரியாது. 'பிளேடு' என்று வந்த இடத்திலெல்லாம் சக்கரத்தைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து, '8' போன்ற வடிவங்களை ஒவ்வொன்றாகச் சிமெண்டில் போட்டுப் பழகினார். சறுக்கி முடித்ததும் திரும்பி உன் கோட்டைப் பார் என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருந்தது. சிமெண்டில் கோடு விழவில்லை. தனக்குத்தான் சரியாக வரவில்லை என்று இரண்டு வருடம் நினைத்திருக்கிறார். உண்மை தெரிந்த பிறகு தரையில் சாக்பீஸ் பொடி தூவ ஆரம்பித்தார். முப்பது வருடங்களாக அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்.

அன்றும் அதே கூடத்தில் 10.30க்குப் பொடி தூவினார்கள். பதினான்கு பிள்ளைகள். மிஸ் குனிந்து ஒவ்வொரு தடத்தையும் படித்தார்.

"ஏலே, எட்டு போடச் சொன்னா முறுக்கு சுத்தி வச்சிருக்க! அழிச்சுட்டு வெரசா வா."

"மிஸ், முறுக்குக்கு மார்க் உண்டா?"

"உண்டு. முட்டிக்குக் கீழ, பிரம்பால."

பிரம்பு அவரிடம் என்றைக்குமே இருந்ததில்லை.

வகுப்பு முடிந்து டீ குடிக்கும்போது பையிலிருந்து பழுப்பு நிற ஸ்வெட்டர் ஒன்றை எடுத்தார்.

"டிசம்பர்ல சிம்லா போவோம் புள்ள. இது ஒனக்கு. என்னோடதுல கை மட்டும் பின்னணும்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஐஸ்ல போட்ட கோடு அப்படியே கெடக்குமாமே. நெசமா?"

எனக்குத் தெரியும். சிம்லாவில், சக்கரப் பழக்கத்தில் நிற்பதற்காக கால் நுனியை அழுத்த, பிளேடின் முன்பற்கள் பனியில் குத்தி முதலில் முகம் குப்புற விழுந்தேன். எழுந்து அரை வட்டம் போட்டுத் திரும்பிப் பார்த்தபோது, நூல் மாதிரி வெள்ளையாகக் கிடந்தது. காட்டுவதற்கு அவர் இல்லை.

"தெரியலையே மிஸ்" என்றேன்.

"சரி, போய்ப் பாத்துக்கிடுவோம்" என்று டீ டம்ளரைக் கழுவப் போனார்.

3.30 பஸ்ஸில் திரும்பினேன். மடியில் ஸ்வெட்டர். வடகவுஞ்சியில் இறங்கும்போது மிஸ் கை காட்டினார். பஸ் கிளம்பும் வரை நேரம் இருந்தது. ஓர் இடத்தை முப்பது வருடம் நினைத்துக்கொண்டிருப்பவரிடம், அங்கே போய்வந்ததை எந்த வாக்கியத்தில் தொடங்குவது?

போகிறவர்களுக்கு: சனிக்கிழமை 10.30 முதல் 12.30 வரை கூடத்தின் ஓரத்தில் நின்று வகுப்பைப் பார்க்கலாம். பொடியை மிதித்துவிடாதீர்கள், திட்டு நிச்சயம். பிப்ரவரியிலும் நல்ல குளிர், கம்பளி வேண்டும். திரும்பும் பஸ் நேரத்தை இறங்கியவுடனே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தில் பழகி முதன்முறை பனித்தளத்தில் ஏறுகிறவர்கள் நிற்பதற்குக் கால் நுனியை அழுத்தாதீர்கள்.

மார்ச்சில் எல்லாவற்றையும் கடிதமாக எழுதினேன். ஒரு தபால் அட்டையில் பதில் வந்தது: "கோடு எவ்வளவு ஆழம்?" கவனிக்கவில்லை என்று எழுதினேன். அக்டோபரில் மதுரையில் மிஸ்ஸுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது நாற்காலியில் உட்கார்ந்து வகுப்பு எடுக்கிறார். டிசம்பரில் அவர் சிம்லாவுக்கு வரவில்லை. நானும் போகவில்லை.