ஆஃப் சாரின் வாசல் விளக்கு

வேலையிலிருந்து வந்தவர் தொலைக்காட்சிப் பெட்டியின் முதுகைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சூடு இருக்கிறது. "யாரு பாத்தது?" என்கிறார். கல்லூரியில் படிக்கும் மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "நியூஸ்ப்பா" என்கிறாள். "ஏன், அது நாளைக்குப் பேப்பர்ல வராதா?" என்று பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறார்.

தெருவில் அவருக்கு 'ஆஃப் சார்' என்று பெயர். அவருக்கும் அது தெரியும். பட்டம் வாங்கிய பெருமைதான்.

இத்தனைக்கும் மனிதருக்கு வேலை விளக்குக் கடையில். நாள் முழுக்கத் தலைக்கு மேல் இருநூறு விளக்கு எரிய, தயங்கி நிற்கிறவர்களிடம் தேனொழுகப் பேசுவார். "வாசல்ல ஒரு லைட்டு எரிஞ்சாத்தாம்மா உள்ள மனுசங்க இருக்காங்கன்னு அர்த்தம்." இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே எத்தனையோ விளக்குகளைத் தலையில் கட்டியிருக்கிறார். ஓடுவது அடுத்தவன் மீட்டர்தானே.

சொந்த வீட்டில் சட்டம் வேறு. ஃப்ரிட்ஜ் கதவில் கை வைத்தால் உடனே குரல் வரும்: "நெனச்சுட்டுத் தெற. தெறந்துட்டு நெனைக்காத." இஸ்திரிப் பெட்டியை அணைத்தபின் மிஞ்சும் சூட்டில்தான் கைக்குட்டைகளுக்கு யோகம். அழைப்புமணியில் கடுகளவு சிவப்பு விளக்கு எரிகிறது என்று அதைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டார். வராந்தா பல்பு போய் ஆறு வருடம். அந்த இடத்தில் குளவி குடும்பம் நடத்துகிறது. பொழுது சாய்ந்தால் மூன்று பேரும் பின்னறையில் ஒரே ட்யூப்லைட்டுக்குக் கீழே: மனைவியின் தையல் மெஷின், மகளின் புத்தகம், அவருடைய செய்தித்தாள். மெஷினுக்கு மோட்டார் கேட்டபோது, "காலு எதுக்கு இருக்கு?" என்றார்.

மனைவிக்கு நல்ல கை. ஆனால் வந்து சேர்வதென்னவோ பழைய துணிதான்; பேண்டைக் குட்டையாக்கு, ஜிப்பை மாற்று. புதுத்துணியில் கத்தரி வைக்க ஏங்கியவளுக்குப் போன மாதம் ஒரு வழி திறந்தது. பக்கத்துப் பள்ளியில் முந்நூறு சீருடை தைக்க ஆள் தேடினார்கள். இரண்டு மாதிரி தைத்து, மனசுக்குப் பிடிக்காமல் பிரித்து, மறுபடி தைத்து வைத்தாள். பள்ளியின் மேலாளர் அம்மா திங்கள்கிழமை ஏழு மணிக்கு வீட்டுக்கே வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

அன்று முன்னறையில் விளக்கைப் போட்டுவிட்டு, கடைசி மடிப்பைத் தைத்துவிடலாமென்று பின்னறைக்குப் போனாள். ஏழுக்குக் கொஞ்சம் முன்னால் வீடு திரும்பினார் இவர். ஆளில்லாத அறையில் விளக்கு எரிகிறது. விடுவாரா? சுவிட்சைத் தட்டி அணைத்துவிட்டு, கதவையும் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். மேலாளர் அம்மா வந்தார். மணியைத் தேடினார், இல்லை. குரல் கொடுத்தார், மெஷின் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. வீடு இருண்டு கிடந்ததால் திரும்பிவிட்டார்.

மறுநாள் காலை போனில், "சொன்ன நேரத்துக்கு வீட்ல இருக்க மாட்டீங்களா? நான் வேற டெய்லரப் பாத்துக்கறேன்" என்றார். மனைவி கெஞ்சிக் கூத்தாடி அன்று மாலை ஏழுக்கு இன்னொரு தடவை வர ஒப்புக்கொள்ள வைத்தாள்.

கணவரிடம் அவள் சண்டை போடவில்லை. தட்டை முன்னால் வைத்துவிட்டு, "வாசல்ல லைட்டு எரிஞ்சாத்தான் உள்ள மனுசங்க இருக்காங்கன்னு கடையில சொல்லுவீங்கல்ல? அப்ப நாங்கல்லாம் யாரு?" என்று மட்டும் கேட்டாள். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கடைக்குக் கிளம்பினார்.

அன்று மாலை சீக்கிரமே வந்தார், கையில் ஒரு பல்போடு. குளவிக் கூட்டைத் தட்டி, ஒரு கொட்டும் வாங்கிக்கொண்டு, வராந்தாவில் மாட்டினார். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், வீட்ல ஏதும் விசேஷமா?" என்றார்.

சரியாக ஏழுக்கு மேலாளர் அம்மா வந்தார். தையலை இழுத்துப் பார்த்தார், காலரைத் திருப்பிப் பார்த்தார், "நாளைக்கே துணி அனுப்பறேன்" என்றார். அந்த இருபது நிமிடமும் வராந்தா, முன்னறை, பின்னறை மூன்றும் எரிந்தன. ஆஃப் சார் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றார்.

அந்த அம்மா தெருமுனை திரும்பியதும் மனைவியும் மகளும் அவர் கையையே பார்த்தார்கள். கை வராந்தா சுவிட்சுக்குத்தான் போனது. போய், அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு விறுவிறுவென்று உள்ளே நடந்தார். முன்னறை அணைந்தது. பின்னறையும் அணைந்தது. "ஒரு வீட்டுக்கு எத்தன லைட்டு?" என்று இருட்டிலிருந்து குரல் வந்தது. அதன் பின்னாலேயே தையல் மெஷினைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு, மூச்சிரைக்க அவரும் வந்தார். வராந்தா பல்புக்கு நேர் கீழே அதை நிறுத்தி, தெருவில் போகிறவர்கள் கண்ணில் படும்படி திருப்பி வைத்தார்.