பேசி வாங்கிய இரண்டு நாள்

அன்றைக்குப் பாடசாலை அதிபரின் அறைக்கு நான் கொண்டுபோன தட்டில் இரண்டு கோப்பை தேத்தண்ணி இருந்தது. ஒன்று அதிபருக்கு. மற்றது தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவருக்கு. யாருடைய பிள்ளையைப் பற்றி உள்ளே பேச்சு நடந்ததோ, அந்தப் பிள்ளையின் அம்மா வெளியே தூண் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் ஒரு கோப்பை ஊற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் பக்கத்தில் எந்த ஆபீசுக்குப் போனாலும் தொழிலாளி வெளியே நிற்பார், சங்கத்துத் தலைவர் உள்ளே போய் உட்கார்ந்து பேசுவார். நாள் சம்பளத்துக்குப் பேர் போடாமல் விட்டாலும், குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகினாலும், தலைவர்தான் பேசுவார். அந்தப் பழக்கத்தில்தான் நானும், “தலைவர கூட்டிக்கிட்டு வாங்க தங்கச்சி, ஒத்த பொம்பள போய் பேசுனா எடுபடாது” என்று அவருக்குச் சொல்லியிருந்தேன். நல்லது என்று நினைத்துத்தான் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன புத்திகளிலேயே கேடுகெட்ட புத்தி அது.

டிக்கோயாவுக்கு மேலே உள்ள ஒரு தமிழ்ப் பாடசாலையில் நான் பியூன். மணி அடிப்பது, கேட்டைத் திறப்பது, வரவு பதியும் இடாப்புகளை வகுப்பில் இருந்து ஆபீசுக்குக் கொண்டுபோவது, தேத்தண்ணி ஊற்றுவது, எல்லாம் என் வேலை. கட்டடத்தின் கடைசி அறையில் விசேட கல்வி அலகு இருந்தது. ஏழு பிள்ளைகள், ஒரு டீச்சர். விளையாட்டுச் சாமான்களும் அந்த அறையில்தான் கிடந்தன. வலைப்பந்துக் கம்பம், கிழிந்த கயிறு, விக்கெட் பொல்லு, இவற்றுக்கு நடுவில் அந்தப் பிள்ளைகள். நான் தங்கச்சி என்று கூப்பிடும் அந்த அம்மாவின் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. எதையும் மெதுவாகத்தான் புரிந்துகொள்வாள். பேச்சு நாலைந்து சொல்தான். பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் அம்மா, மகளுக்கு எண்ணெய் வைத்து இரட்டைச் சடை பின்னி, வெள்ளைச் சட்டையில் ஒரு கறை இல்லாமல் அனுப்புவார். அந்தப் பிள்ளையைத்தான் அதிபர் ஒருநாள் கேட்டடியில் வைத்து, “இனி நாங்க சொல்லி அனுப்புற அன்னைக்கு மட்டும் கூட்டிட்டு வாங்க” என்றார். காரணம் சொல்லவில்லை. காரணம் எனக்குத் தெரியும். மூன்றாம், நான்காம் வகுப்புகளுக்கு ஆசிரியர் இல்லை. அலகு டீச்சரை அங்கே இழுக்க வேண்டும். கேட்க நாதியில்லாத பிள்ளைகளிடம் இருந்து எடுத்தால் சத்தம் வராது, அவ்வளவுதான்.

தலைவர் கெட்ட மனிதர் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய கொழுந்துக் கிலோவைக் கூட்டியபோது தோட்டத்துத் துரையோடு மூன்று நாள் மல்லுக்கட்டிக் குறைத்தவர். ஆனால் அவருக்குத் தெரிந்தது பேரம் மட்டும்தான். ஐந்து கேட்டு இரண்டு வாங்குவதுதான் அவருக்கு வெற்றி. உள்ளே முக்கால் மணி நேரம் பேசினார். மீசையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“ஒன்னுமே இல்லன்னுதான் ஆரம்பிச்சாரு. விடுவேனா? ரெண்டு நாள் வாங்கிட்டேன். செவ்வாயும் வியாழனும். வந்து கையெழுத்த போடு.”

“மத்த மூணு நாளு, தலைவரே?”

“எல்லாத்தையும் கேட்டா இருக்கிறதும் போயிரும். நா பேசிக்கிட்டிருக்கேன்ல, நீ சும்மா இரு.”

தாளில், பெற்றோரின் வேண்டுகோளுக்கு இணங்கப் பிள்ளை வாரத்தில் இரண்டு நாட்கள் சமுகமளிப்பார் என்று எழுதியிருந்தது. வேண்டுகோள் யாருடையது? தங்கச்சிக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், வாசிக்கத் தெரியாது. எனக்கு வாசிக்கத் தெரியும். வாசித்தேன். வாசித்துவிட்டு சாட்சி என்ற இடத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். மற்றப் பிள்ளைகளுக்கு ஐந்து நாளும் பள்ளிக்கூடம் என்றால் இந்தப் பிள்ளைக்கும் ஐந்து நாள்தான் என்பது எனக்குத் தெரியாததா? ஒரு பிள்ளையின் படிப்பைக் கொழுந்துக் கிலோ மாதிரி நிறுத்துப் பேசினார்கள். நான் எச்சில் கோப்பைகளை எடுத்துக் கழுவி வைத்தேன்.

அந்த மாதம் முடிவதற்குள் ஏழு பிள்ளைகளுக்கும் இரண்டு நாளாகிவிட்டது. “அந்த அம்மாவே எழுதிக் குடுத்திருக்காங்க, பாருங்க” என்று அதிபர் மற்றப் பெற்றோருக்கு அந்தத் தாளைத்தான் எடுத்துக் காட்டினார். இன்னொன்றும் நடந்தது. வராதே என்று சொன்ன மூன்று நாளும் இடாப்பில் அந்தப் பிள்ளைகளுக்கு வரவில்லை என்றே போட்டார்கள். இடாப்பைத் தூக்கிக்கொண்டு போகிறவன் நான். பார்த்துக்கொண்டே எத்தனை நாள் தூக்குவது? ஒரு சனிக்கிழமை தங்கச்சியின் லயத்துக்குப் போய்ச் சொன்னேன்.

அவர் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது. “வராதன்னு அவங்களே சொல்லிட்டு, வரலன்னு அவங்களே போடுறாங்களா?”

“ஆமா. இப்பிடியே போனா ஒருநாள் பேர வெட்டிருவாங்க. புதன்கிழமை உடுப்பு போட்டு கூட்டிக்கிட்டு வாங்க. திருப்பி அனுப்புனா, அத எழுதிக் குடுங்கன்னு கேளுங்க. வேற ஒன்னும் பேசாதீங்க.”

“தலைவர் கோவிச்சுக்க மாட்டாரா?”

“தலைவரோட புள்ளையா படிக்குது?”

புதன்கிழமை வந்தார். அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தார். அதற்குப் பிறகு, வரக்கூடாத நாள் ஒன்றையும் விடவில்லை. வேலைக்குப் பேர் கொடுக்கும் காலைப் பெரட்டுக்குப் போகாமல் மகளோடு வந்து கேட்டடியில் நிற்பார். பிறகு மலைக்கு ஓடுவார். பிந்திப் போனால் அரைப்பேர்தான் விழும், பாதிச் சம்பளம். கங்காணி ஏசுவான். கூட நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கும் பெண்கள் சிரிப்பார்கள். அதிபர் கத்தினார், தன்மையாகப் பேசினார், தலைவரைக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் எதற்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார். “எழுதிக் குடுங்க சேர், நா கூட்டிக்கிட்டு போயிர்றேன்.” அதிபர் எழுதிக் கொடுக்கவே இல்லை. எழுதினால் மாட்டிக்கொள்வார் என்று அவருக்கும் தெரியும். கடைசியில் என்னிடம் கேட்டைச் சாத்தச் சொன்னார். சாத்தினேன். மழை தூறிக்கொண்டிருந்தது. கொழுந்தெடுக்க இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை அவிழ்த்து மகளின் தலையில் போட்டுவிட்டு அவர் என்னைப் பார்த்தார்.

“நீங்க ஒங்க வேலைய பாருங்கண்ணே. நா என் வேலைய பாக்குறேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

வேறு ஏதோ காரியமாக வலயக் கல்வி அலுவலகத்தில் இருந்து ஒரு சிங்கள அதிகாரி அம்மா வந்த நாளில்தான் அது முடிந்தது. ஜீப்புக்காகக் கேட்டைத் திறந்தேன். சீருடை போட்ட பிள்ளை ஏன் வெளியே நிற்கிறது என்று அவர் கேட்டார். தங்கச்சி கலியாணத்துக்கு முன் நோட்டன் பிரிட்ஜில் ஒரு சிங்கள வீட்டில் வேலை செய்தவர். “லியலா தென்ன கிவ்வா, தென்னே நே” என்றார். எழுதித் தரச் சொன்னேன், தரமாட்டேன் என்கிறார்கள் என்று அர்த்தம். அந்த அம்மா அதிபரிடம் எழுதிய உத்தரவைக் கேட்டார். அதிபர் அந்தப் பழைய தாளை நீட்டினார். “நான் கேட்டது நீங்கள் எழுதியதை” என்று சொல்லிவிட்டு, பிள்ளையை உள்ளே எடுக்கச் சொன்னார். அன்று முதல் அவளுக்கு ஐந்து நாள்.

அவளுக்கு மட்டும். தங்கச்சி மற்ற ஆறு வீட்டுக்கும் போய், நீங்களும் வாருங்கள் என்று கூப்பிட்டார். “இருக்கிற ரெண்டு நாளையும் கெடுத்துறாதீங்க” என்றார்கள். “ஒனக்கென்ன, பியூன் அண்ணன் இருக்காரு” என்றாள் ஒருத்தி. “அஞ்சு நாளும் போயி ஒம்மக டாக்குட்டராவா வரப்போறா?” என்றாள் இன்னொருத்தி. எனக்கு அவர்கள் மேலும் கோபம்தான். ஆனால் ஒருநாள் பேர் போனால் அடுப்பு எரியாத வீட்டில் இருப்பவர்களிடம் வீரத்தை எதிர்பார்க்க நான் யார்?

இனித்தான் நான் சொல்ல வேண்டியது இருக்கிறது. பிள்ளையை உள்ளே எடுக்கச் சொன்னார்கள். அறையில் டீச்சர் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் டீச்சருக்கு மூன்றாம், நான்காம் வகுப்புகளிலேயே பாடம். அந்த மூன்று நாளும் கடைசி அறையில் அந்தப் பிள்ளை தனியாக இருந்தாள். காலையில் கதவைத் திறந்துவிடுவேன், மணி அடித்ததும் பூட்டுவேன். அவள் விக்கெட் பொல்லுகளைச் சுவரோரம் வரிசையாக வைப்பாள், திரும்ப எடுப்பாள், திரும்ப வைப்பாள். பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டால் அந்தத் தாளத்துக்கு உடம்பை ஆட்டுவாள். இடாப்பில் வந்திருக்கிறாள் என்று ஒழுங்காகப் போட்டார்கள்.

முதல் புதன்கிழமை பின்னேரம் தங்கச்சி மலையில் இருந்து ஓடி வந்தார். விரலெல்லாம் கொழுந்துக் கறை. மூச்சு வாங்க, “இன்னைக்கி என்னண்ணே படிச்சா?” என்று கேட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. “நல்லா படிச்சா தங்கச்சி” என்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அதே கேள்வி, அதே பதில். உண்மையைச் சொல்லியிருந்தால் மறுநாளே அவர் அறை வாசலில் நின்று, டீச்சர் எங்கே என்று கேட்டிருப்பார். அவருக்குச் சொல்லிக் கொடுத்தவன் யார் என்று அதிபருக்கும் தெரிந்திருக்கும். எனக்குப் பயம். வேறு நியாயம் ஒன்றும் என்னிடம் இல்லை. மகளும் சொல்லமாட்டாள், அவளிடம் அதற்குச் சொல் இல்லை. அவள் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கும்வரை அப்படியே போனது.

இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் றொசல்லைப் பக்கத்துத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் கூடுவார்கள். நானும் போவேன். வாசிக்காமல் கையெழுத்துப் போடாதே, வாயால் சொல்வதை எழுதிக் கேள், தலைவரை வீட்டில் விட்டுவிட்டுப் போ என்று கத்துவேன். வகுப்பில் யார் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று நீயே போய் எட்டிப் பார் என்பதை இரண்டு தடவை சொல்வேன். அது எனக்கு எங்கிருந்து தெரியும் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. தங்கச்சியும் வருவார். வளர்ந்த மகளும் கூட வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அவளுக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை ஓர் இளம் தாய் அழுதார். அவருடைய மகனை வாரத்தில் இரண்டு நாள் வந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார்களாம். தங்கச்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“விடாத புள்ள. நா சண்ட போட்டு எம்மகள அஞ்சு நாளும் அனுப்புனேன். ஒருநாள் தவறல. அவ்வளவு படிச்சும் இவளுக்கு ஏறல, இவ மண்டைக்கி அவ்வளவுதான். பள்ளிக்கூடத்த குத்தம் சொல்லக்கூடாது. ஒம்மகனுக்கு ஏறும், நீ அனுப்பு. வேணும்னா இந்த அண்ணன கேட்டுப் பாரு, அவரு கூடவே இருந்து பாத்தவரு.”

அந்தத் தாய் என் பக்கம் திரும்பினார். தங்கச்சியும் திரும்பினார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.