திரைக்குப் பின்னால் வைத்த கஞ்சி

காஜா பேராங் தெருவில் எங்கள் எதிர்வீடு மலாக்கா செட்டிகள் வீடு. சாமி நம் சாமி, பேச்சு மட்டும் மலாய். அந்த வீட்டுப் பெண் சிங்கப்பூரில் ஒரு கல்லூரியில் தத்துவம் கற்பித்தாள். அதிலும் அழகு என்றால் என்ன என்பதுதான் அவள் பாடம். இதைக் கேள்விப்பட்ட செமாபோக் போகும் பஸ்ஸின் கண்டக்டர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “அப்போ பொண்ணு பாக்கப் போறப்ப இவங்களக் கூட்டிட்டுப் போனா போதும் லா.” அவளிடம் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தாள். அழகு பொருளில் இருக்கிறதா, பார்க்கிற கண்ணில் இருக்கிறதா என்று, நாலாம் வகுப்போடு நின்ற எனக்கும் சலிக்காமல் விளக்குவாள்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த ஆண்டு அவள் அம்மாவுக்கு வாயில் புற்று. வெற்றிலையும் புகையிலையும் ஓயாத வாய். கன்னத்தில் ஓட்டை விழுந்து பல் வெளியே தெரிந்தது. மகள் விடுப்பெடுத்து வந்தாள். தெருவில் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டுக்குள் நாற்றத்துக்கு ஊதுவத்தி எரிந்தது. மருந்து வாங்கி வருவாள், கஞ்சி காய்ச்சுவாள், அம்மாவின் முகத்தை மட்டும் பார்க்க மாட்டாள். சுவரைப் பார்த்தே பேசுவாள். புண்ணைக் கழுவப் போவது நான். கழுவும்போதெல்லாம் அந்த அம்மாள் கேட்டது ஒன்றுதான்: சாவதற்குள் மகள் ஒருதரம் தன்னைப் பார்ப்பாளா?

குடிக்கிற கஞ்சி கன்னம் வழியே ஒழுகும். அம்மா கூச்சப்படுவார் என்று நினைத்தாளோ என்னவோ, ஒருநாள் மதியம் கட்டிலுக்கு முன்னால் கயிறு கட்டி பூப்போட்ட பாத்தேக் துணியைத் திரையாகத் தொங்கவிட்டாள். உள்ளே கஞ்சிக் கிண்ணத்தை வைத்தாள், திரையை இழுத்துவிட்டாள், கூடத்துக்கு வந்து என்னோடு காத்து நின்றாள்.

அவர்கள் வீட்டில் அப்படிச் செய்வது பார்ச்சு அன்றுதான். செத்துப்போனவர்களுக்குப் பிடித்ததை இலையில் பரிமாறி, விளக்கேற்றி, திரையை இழுத்துவிட்டு, அவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று எல்லாரும் வெளியே வந்துவிடுவார்கள்.

உள்ளே கிண்ணம் உருண்டது.

“பெலும் மாத்தி,” என்றார் அம்மா. பாதி காற்றாகத்தான் வந்தது. “இன்னும் சாகல. அதுக்குள்ள படைக்கிறியா?”

அவள் முகத்தில் ரத்தம் வற்றிப்போனது. திரையைப் பிடித்தாள். பிறகு உள்ளே போய், குனிந்தபடி தரையைத் துடைத்தாள். துடைத்து முடித்தும் நிமிரவில்லை.

கொடிகளை அவிழ்ப்பதற்குள் அம்மா போய்விட்டார். அன்றும் முகத்தைத் துணியால் மூடித்தான் கிடத்தினார்கள். அவள் சிங்கப்பூருக்குத் திரும்பினாள். அழகுப் பாடத்தை மட்டும் வேறொருவரிடம் கொடுத்துவிட்டாளாம்.

போகிக்குப் பார்ச்சு வந்தது. அவளும் ஊருக்கு வந்திருந்தாள். அம்மாவுக்கும் ஓர் இலை போட்டார்கள். எல்லாரும் வெளியே வந்த பிறகும் அவள் மட்டும் அந்த இலைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

“வெளிய வா,” என்றாள் அவள் சித்தி. “நீ இருந்தா உங்கம்மா வரமாட்டா.”

“வரட்டும். நான் பாக்கணும்.”

யாரும் அவளை எழுப்பவில்லை. சித்திதான் திரையை இழுத்தாள், அவளை உள்ளேயே விட்டு.