கைராசிக்காரரின் பக்கத்து மேஜை

அலுவலகத்தில் என் மேஜைக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்த சக எழுத்தருக்கு, ஒரே மாதிரி ஒலிக்கும் ஆங்கிலச் சொற்கள் கடைசிவரை பிடிபடவில்லை. காகிதமும் பேனாவும் வாங்க அனுமதி கேட்டுக் குறிப்பு எழுதும்போதெல்லாம் என் பக்கம் தலையைச் சாய்த்து, "சார், ஸ்டேஷனரிக்கு ஏ-யா ஈ-யா?" என்பார்.

நான் நிமிராமலே, "வாங்குற சாமானுக்கு ஈ. நகராம நிக்கிறதுக்கு ஏ" என்பேன்.

"இனிமே மறக்க மாட்டேன் சார்."

அடுத்த நிதியாண்டில் மறுபடியும் தலை சாயும். கல்லூரி பிரின்சிபலும் கொள்கையைச் சொல்லும் பிரின்சிபலும் அவருக்கு ஒன்றுதான். ஊராட்சி ஒன்றியக் கவுன்சிலும் வக்கீல் சொல்லும் கவுன்சலும் ஒன்றுதான். எனக்கு அப்படியல்ல. எங்கள் பிரிவிலிருந்து வெளியே போகும் ஆங்கிலக் கடிதம் எதுவானாலும் என் வரைவுதான். மேலதிகாரி படிக்காமலே கையெழுத்திடுவார். அரசுப் பணியில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

நாங்கள் இருவரும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் ஓய்வு பெற்றோம். கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் விமானம் ஏறத் தொடங்கிய காலம் அது. தஞ்சாவூரைச் சுற்றி, நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மகனுக்குப் பாஸ்போர்ட் எடுக்காத வீடு குறைந்துகொண்டே வந்தது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்கள் சென்னையில் ஓர் ஆங்கிலப் பரீட்சை வைத்தன. அதில் ஒரு பக்கம் முழுக்க, ஒரே ஒலியுள்ள இரண்டு சொற்களைக் கொடுத்துச் சரியானதைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். பொறியியல் படித்தவர்கள் கணக்கில் வாங்கிய பெயரை அந்தப் பக்கத்தில் விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினார்கள். என் வேளை வந்துவிட்டது என்று நினைத்தேன். இந்த ஊரிலிருந்து போகிற ஒருவராவது என் ஆங்கிலத்தால் போனதாகச் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு நான் ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

வகுப்பைத் தொடங்கியவர் அவர். பூச்சிமருந்துக் கடை ஒன்றின் மாடியில், ஒரு கரும்பலகையும் நாலு பெஞ்சும் போட்டு ஆரம்பித்தார். முதலில் சேர்ந்தவர்களில் ஒருவன் சிங்கப்பூர் போனான், இன்னொருவன் அமெரிக்கா போனான். அவ்வளவு போதும். அவருக்குக் கைராசி என்று ஊர் தீர்மானித்துவிட்டது. நடவின்போது முதல் நாற்று முடியை ராசியான கையால் வைக்கச் சொல்லும் குடும்பங்கள்தானே, அதே முறையை ஆங்கிலத்துக்கும் கொண்டுவந்தார்கள். புது நோட்டின் முதல் பக்கத்தில் முதல் சொல்லை அவர் எழுதித் தர வேண்டும். ஒரத்தநாட்டிலிருந்தும் நீடாமங்கலத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்து, அந்த ஒரு சொல்லை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு, வகுப்புக்கே வராமல் போனவர்களும் உண்டு.

அவர் லுத்தரன் சபைக்காரர். ராசி என்று யாராவது சொன்னால், "அதெல்லாம் நமக்குக் கிடையாதுங்க, கர்த்தரோட கிருபை" என்பார். சொல்லிக்கொண்டே பேனாவைத் திறந்துவிடுவார்.

எனக்குப் பொறாமை. வேறு சொல் தேடுவது கோப்பைத் தாமதப்படுத்தும் வேலை. நானும் கட்டணமில்லாமல் சொல்லித் தருவதாகத் தெருவில் தெரியப்படுத்தினேன். இரண்டு பேர் வந்தார்கள். அதில் ஒருவன் அவர் வகுப்புக்கு வழி கேட்க வந்தவன்.

பிறகு என் மகளுக்கே அந்தப் பரீட்சை வந்தது. வீட்டிலேயே சொல்லித் தருகிறேன் என்றேன். என் மனைவி அதற்குள் மாடியில் பெயர் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

"அவனுக்கு என்ன தெரியும்? வருஷம் தவறாம என்னைத்தானே கேட்டான்" என்றேன்.

"ஏங்க, உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு யாரு சொன்னா? அவருக்குக் கைராசி இருக்கு. ரெண்டும் வேற வேற."

மகள் மாலையில் பூச்சிமருந்து வாடையோடும் சிரிப்போடும் வீடு திரும்புவாள். ஒருநாள் செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

"அப்பா, மழை வெயில் சொல்ற வெதருக்குள்ள என்ன இருக்கு, சொல்லுங்க."

"அது பெயர்ச்சொல். இன்னொரு வெதர் இணைப்புச்சொல். வாக்கியத்துல..."

"போங்கப்பா. உள்ள ஈட் இருக்கு. டபிள்யூவுக்கு அப்புறம் பாருங்க. வானம் ஒழுங்கா இருந்தாத்தான் சோறு. இன்னொரு வெதருக்குள்ள சோறு கிடையாது, சந்தேகம் மட்டுந்தான்."

அவள் உள்ளே போனதும் செய்தித்தாள் ஓரத்தில் எழுதிப் பார்த்தேன். இருந்தது. இத்தனை வருடம் எத்தனையோ வறட்சி அறிக்கைகளில் அந்தச் சொல்லை எழுதியிருக்கிறேன், உள்ளே சாப்பாடு இருப்பதைப் பார்த்ததில்லை. அவர் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை விற்றிருந்தால் கூட மன்னித்திருப்பேன். இது அவருடைய சொந்தச் சரக்கு. மறுநாள் இன்னொன்று வந்தது. லூஸ் என்றால் தொளதொளவென்ற சட்டை, அதற்கு இரண்டு ஓட்டை, இரண்டு ஓ. தொலைப்பதற்கு ஒரே ஓ, ஏனென்றால் ஒன்று தொலைந்துவிட்டது. நான் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தது, அது வேறு விஷயம்.

மகள் தேறினாள். நன்றி சொல்லப் போனபோது என் மனைவி தட்டில் வெற்றிலை பாக்கும் வேட்டியும் வைத்துக்கொண்டாள். வாழைப்பழச் சீப்பைத் தூக்கிக்கொண்டு போனது நான்.

மகள் விமானம் ஏறிச் சில மாதங்கள் கழித்து, ஒரு காலை அவர் என் வீட்டுக்கு வந்தார். மனைவி கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து வந்தார் என்பது பிறகுதான் புரிந்தது.

"சார், பையனுக்கு அந்தப் பரீட்சை வருது. நீங்கதான் பாத்துக்கணும்."

"உங்க கை இருக்கே."

"ராசியான கை சொந்த வீட்டுக்குப் பலிக்காதுன்னு அவங்கம்மா சொல்றா."

"கர்த்தர் என்ன சொல்றாரு?"

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "நான் சொல்லிக்குடுத்தா அவன் நம்ப மாட்டேங்கிறான் சார். மத்த பிள்ளைங்க என் கையை நம்பிப் போறாங்க. இவன் என்னைப் பொறந்ததுலேர்ந்து பாக்கிறவன். போர்டுல ஸ்டேஷனரி எழுதும்போது இப்பவும் உங்க மேஜைப் பக்கம் தலை சாயுது. அவன் அதையும் பாத்துட்டான்."

நான் செய்தித்தாளை மடித்து வைத்தேன்.

"ஒண்ணே ஒண்ணு. வெளிய தெரியக்கூடாது. என் பிள்ளைக்கே என் கை உதவலைன்னு தெரிஞ்சா, மாடிப்படியில ஒருத்தன் ஏற மாட்டான். வீட்டுல அக்காவுக்கும் சொல்ல வேண்டாம்."

நான் ஆசைப்பட்ட உத்தரவு வந்துவிட்டது, ரகசியம் என்று முத்திரை குத்தப்பட்டு. ஒப்புக்கொண்டேன். ரகசியக் கோப்பை எப்படிக் கையாள வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதற்கும் ஒரு காலவரம்பு உண்டு. இப்போது அந்த மாடியில் செல்போன் பழுதுபார்க்கிறார்கள், அவர் தன் மகனோடு அமெரிக்காவில் இருக்கிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

வீட்டில் வைத்துச் சொல்லித்தர முடியாது. காலையில், புது ஆறு என்று நாங்கள் சொல்லும் கல்லணைக் கால்வாய்க் கரையில் நடந்துகொண்டே படிப்பது என்று ஏற்பாடு. தினமும் ஓர் இளைஞனோடு நான் நடப்பதற்கு ஒரு காரணம் வேண்டுமே. அதையும் அவரே ஊருக்குச் சொல்லிவிட்டார். அவர் மகன் எனக்குக் கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறானாம்.

ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதம். மதகுகளை எண்ணிக்கொண்டு நடப்போம். ஒவ்வொரு சொல் ஜோடிக்கும் நான் ஓர் அரசுக் கடிதத்திலிருந்து வாக்கியம் சொல்வேன். அவன் திருப்பிச் சொல்வான்.

"சார், இதுக்கு ஜோக் ஏதும் இல்லையா?" என்று முதல் வாரத்தில் கேட்டான்.

"இல்லை."

"அப்பாடா" என்றான்.

அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நான் பல நாள் வாழ்ந்தேன். இரண்டு மூன்று ஜோடிகளை இடம் மாற்றிச் சொல்லிக்கொடுத்தால் என்ன ஆகும் என்றும் நினைத்துப் பார்த்தேன். மாடி காலியாகும். ஆனால் தப்பான வரைவு என் மேஜையிலிருந்து போனதாக ஆகிவிடும். அவர் பெயரைக் கெடுக்க என் ஆங்கிலத்தைக் கெடுக்க நான் தயாராக இல்லை.

ஆற்றில் தண்ணீர் வந்த வாரம் அவன் சென்னைக்குப் போய் எழுதினான். அந்தப் பக்கத்தில் ஒரு தவறும் இல்லையாம். தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

என் மனைவி காபியை வைத்தாள். "பாத்தீங்களா, சொந்தப் புள்ளைக்கே பலிச்சிருச்சு. என்ன கை அது."

காபி சூடாக இருந்தது. ஊதிக்கொண்டிருக்க அது ஒரு வசதி.

அவனை வழியனுப்பத் தஞ்சாவூர் ஸ்டேஷனுக்குப் பாதி ஊர் வந்திருந்தது. மாலை மகனுக்கு ஒன்று, அப்பாவுக்கு இரண்டு. எல்லோரும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். சிலர் விடவே இல்லை. பையன் பெரியவர்கள் வரிசையில் என் காலையும் தொட்டான். மற்றவர்கள் காலைத் தொட்ட அளவுதான்.

பூச்சிமருந்துக் கடைக்காரர் எல்லோருக்கும் கேட்கும்படி என்னிடம் கேட்டார்: "சார், தம்பி கிளம்பிட்டாரே, உங்க கம்ப்யூட்டர் பாடமெல்லாம் எந்த அளவுல இருக்கு?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கைராசிக்காரர் சிரிக்கவில்லை. கூட்டத்துக்கு நடுவே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். தலை என் பக்கம் சாய்ந்திருந்தது, ஏ-யா ஈ-யா என்று கேட்கும் அதே சாய்வு. ஒரு வாக்கியம் போதும் எனக்கு. வாக்கியமும் தயாராக இருந்தது.

"ஓரளவு வந்துருச்சுங்க" என்றேன். "சொல்லிக்குடுத்த தம்பி கெட்டிக்காரர்."

அவர் தலை நிமிர்ந்தது. ரயில் கிளம்பியது. அது பிளாட்பாரத்தைத் தாண்டுவதற்குள், பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அப்பாவும் மகளும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்கள். "கொஞ்சம் வழி விடுங்க சார்" என்று என்னை ஒதுக்கிவிட்டு, புது நோட்டை அவரிடம் நீட்டினார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நோட்டைத் தூணில் வைத்து முதல் சொல்லை எழுதினார்.

நான் எட்டிப் பார்த்தேன். ஸ்டேஷனரி என்று எழுதியிருந்தார், ஈ போட்டு. யாரையும் கேட்காமல் எழுதியிருந்தார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.