பேசிக்கொள்ளாத ஜோடிக்குக் கிடைத்த பாராட்டு

பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு பரிசும் கிடைத்ததில்லை. ஏழாம் வகுப்போடு நானும் பள்ளிக்கூடமும் பிரிந்துவிட்டோம். இரண்டு தரப்புக்கும் அதில் முழுச் சம்மதம். என் வாழ்க்கையில் ஒரு வகுப்பில் உட்கார்ந்து, பாடம் எடுப்பவர் என்னைக் காட்டி "இவரைப் பாருங்க, இப்படி இருக்கணும்" என்று சொன்னது ஒரே ஒரு முறைதான். அது புருஷன் பொண்டாட்டிகளுக்கான வகுப்பு. அன்றைக்கு எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

நாங்கள் இருவரும் நெம்மேலியைத் தாண்டிக் கடலோரத்தில் இருக்கும் ஒரு ரிசார்ட்டில் வேலை செய்தோம். எனக்குத் தோட்ட வேலை, நாற்காலி தூக்கும் வேலை, பாம்பு வந்தால் அடிக்கும் வேலை. பாம்பு வந்தால் முதலில் ஓடுகிறவனும் நான்தான் என்பது மேனேஜருக்குத் தெரியாது. அவளுக்கு ரூம் வேலை: படுக்கை மாற்றுவது, துண்டு மடிப்பது, பாத்ரூம் கழுவுவது. திருக்கழுக்குன்றம் பக்கத்திலிருந்து காலையில் ஒரே வண்டியில் வருவோம், சாயங்காலம் ஒரே வண்டியில் போவோம்.

பேச்சு நின்றதற்குக் காரணம் என் வாய். மறைமலைநகரில் காருக்குச் சாமான் செய்கிற ஒரு கம்பெனியில் பொம்பளைகளை வேலைக்கு எடுக்கிறார்கள், கம்பெனி பஸ் எங்கள் ரோட்டு முனைக்கே வருகிறது என்று அவள் விசாரித்துக்கொண்டு வந்தாள். அதை அவளுடைய அண்ணன் வந்திருந்தபோது ஆசையாகச் சொன்னாள்.

"இன்னா சாமான் செய்றானுங்க?" என்று என் மச்சான் கேட்டார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் திறந்துவிட்டேன். "ஹாரன் செய்றானுங்க மச்சான். சாம்பிளுக்கு ஒன்னு தேடிக்கினு கீறானுங்களாம். உன் தங்கச்சிய அப்டியே எடுத்து மாட்டிப்பானுங்க."

மச்சான் சிரித்தார். அவர் பொண்டாட்டி சிரித்தாள். என் வீட்டுக்காரியும் சிரித்தாள். நல்ல ஜோக் என்று நான் ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் எழுந்து பார்த்தால் ஹாரன் வேலை செய்யவில்லை.

எங்கள் பக்கத்தில் புருஷன் பொண்டாட்டி பேசவில்லை என்றால் வீடு அமைதியாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். அப்போதுதான் பேச்சு அதிகம். நேராகப் பேசுவதில்லை, அவ்வளவுதான். பிள்ளை இருந்தால் பிள்ளையைப் பார்த்துப் பேசலாம். எங்கள் மகளைப் பள்ளி லீவுக்குச் செய்யூரில் மாமியார் வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். அதனால் அவள் அடுப்பைப் பார்த்துப் பேசினாள், நான் ஃபேனைப் பார்த்துப் பேசினேன்.

"சோறு ஆறிக்கினு கீது. துன்றவங்க துன்லாம்" என்பாள் அடுப்பிடம்.

"கொயம்புல உப்பு கம்மி" என்பேன் ஃபேனிடம்.

"வாய்ல கொய்ப்பு ஜாஸ்தியா இருந்தா அப்டிதான் தெரியும்" என்று அடுப்பு பதில் வாங்கிக்கொள்ளும்.

இப்படி வாரக்கணக்கில் ஓடியது. ஒரு சனிக்கிழமை காலை அவள் அடுப்பிடம் பெரிய சேதி ஒன்றைச் சொன்னாள். கம்பெனியில் எடுத்துக்கொண்டார்கள், அடுத்த வாரம் சேரவேண்டும், நாளைக்கு ரிசார்ட்டு மேனேஜரிடம் சொல்லிவிட வேண்டும். அடுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் மனசுக்குள் கணக்கு ஓட ஆரம்பித்தது. கம்பெனியில் ஷிப்டு. அவள் வீட்டில் இருக்கும்போது நான் இங்கே, நான் வீட்டில் இருக்கும்போது அவள் அங்கே. கோபத்தோடே போய்விட்டாள் என்றால் அப்புறம் ஜாடையாகப் பேசுவதற்குக்கூட ஆள் கிடைக்காது. ஃபேனும் அடுப்பும் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டியதுதான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. போ என்று சொல்ல மனசில்லை. நான் என்ன செய்தேன் என்றால், ஃபேனின் வேகத்தைக் கூட்டினேன்.

அன்றைக்குத்தான் ரிசார்ட்டில் வகுப்பு. புருஷன் பொண்டாட்டிக்கு மனசிலிருக்கும் டென்ஷனைக் குறைக்கிற வகுப்பாம். அதற்கு இங்கிலீஷில் நீளமான பேர், சுருக்கமாக மைண்ட்ஃபுல்னெஸ். மூச்சைக் கவனிக்க வேண்டும், சாப்பிடும்போது சாப்பாட்டைக் கவனிக்க வேண்டும், எதிரில் இருப்பவர் பேசும்போது அவரைக் கவனிக்க வேண்டும். இதற்கு ஏன் சனிக்கிழமை கார் போட்டுக்கொண்டு வருகிறார்கள் என்று காலையில் பாய் விரிக்கும்போது நான் சிரித்துக்கொண்டுதான் விரித்தேன்.

ஆறு ஜோடி வரவேண்டும். ஒரு ஜோடி வாசல் கேட் வரைக்கும் வந்தது. பழைய மாமல்லபுரம் ரோட்டில் வந்தது தப்பா, கடற்கரை ரோட்டில் வந்திருக்க வேண்டுமா என்று கேட்டிலேயே சண்டை முற்றி, காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது. எந்த ரோட்டில் திரும்பிப் போனார்கள் என்று நான் பார்க்கவில்லை.

வகுப்பு எடுக்கிற அம்மா மேனேஜரிடம் வந்தார். நடுவயசு, காட்டன் புடவை, மெதுவான குரல். ஒரு ஜோடிக்கு இன்னொரு ஜோடி துணையாக உட்கார வேண்டும், ஐந்து ஜோடி என்றால் ஒன்று தனியாக நிற்கும் என்றார். மேனேஜர் சுற்றிப் பார்த்தார். நான் பாயோடு நின்றேன். என் வீட்டுக்காரி தண்ணீர் ஜாடியோடு நின்றாள்.

"இவங்க ரெண்டு பேரும் ஹஸ்பண்ட் அண்ட் வைஃப்தான் மேடம். எடுத்துக்கோங்க" என்றார், ஸ்டோரிலிருந்து நாற்காலி எடுத்துக் கொடுப்பது போல.

"சார், ரூமு வேல கீது" என்றாள் அவள்.

"சார், செடிக்குத் தண்ணி" என்றேன் நான்.

ரொம்ப நாளைக்குப் பிறகு நாங்கள் ஒரே கட்சியில் இருந்தோம். ஆனாலும் உட்கார வைத்துவிட்டார்.

முதலில் ஆளுக்கு ஒரு உலர்ந்த திராட்சை கொடுத்தார்கள். அதைப் பார்க்க வேண்டும், மோந்து பார்க்க வேண்டும், நாக்கில் வைத்து மெதுவாக உணர வேண்டும். அந்த அம்மா இதைச் சொல்லி முடிப்பதற்குள் என்னுடையது வயிற்றுக்குள் போய் உணர்ந்துகொண்டிருந்தது.

"உங்களுக்கு என்ன தோணுச்சு?" என்று என்னைத்தான் முதலில் கேட்டார்.

"பாயசம் எங்கன்னு தோணுச்சி மேடம்."

எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரி மட்டும் கண்ணை மூடித் திராட்சையை மென்றுகொண்டிருந்தாள். ரிசார்ட்டில் யாரோ அவளுக்கு ஒன்றைக் கொடுத்து மெதுவாகச் சாப்பிடு என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அடுத்தது, எதிரெதிரே உட்கார்ந்து பேசாமல் ஒருவரை ஒருவர் பார்ப்பது. எங்களுக்குத் துணையாக உட்கார்ந்தது சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரு இளம் ஜோடி. அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு அடங்கவில்லை, அந்தப் பையன் கடிகாரத்தைப் பார்த்தான். இன்னொரு பக்கம் ஒரு அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். நாங்கள் இருவரும் சிலை மாதிரி இருந்தோம். பேசாமல் இருப்பதற்கு எங்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? அவள் என்னை முறைத்தாள், நான் அவளை முறைத்தேன். கண் இமைக்கவில்லை.

"இவங்களைப் பாருங்க" என்றார் அந்த அம்மா, ரொம்ப மெதுவாக. "பேசணும்னு அவசரமே இல்லை. எவ்வளவு நிதானம்!"

டீ குடிக்கும்போது அந்தச் சிறுசேரிப் பையன் என்னிடம் வந்தான். "அண்ணா, எங்களால ஒரு நிமிஷம் அப்படி இருக்க முடியல. நீங்க எப்படிண்ணா?"

"ப்ராக்டீஸ் தம்பி. வூட்ல தெனம் பண்றோம்."

"தினமுமா!" என்று அவன் போய்ப் பொண்டாட்டியிடம் சொன்னான். அவள் தூரத்திலிருந்து எங்களைப் பார்த்துக் கும்பிட்டாள். நானும் ஒரு சாமியாரைப் போலக் கையைத் தூக்கினேன். தண்ணீர் ஜாடிக்குப் பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரி ஜாடியைப் பார்த்து, "வெக்கம் இல்லாத ஜென்மம்" என்றாள்.

மத்தியானத்துக்கு மேல் கல் வந்தது. கடற்கரையில் கிடக்கிற மாதிரி வழவழப்பான கூழாங்கல். கல் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசவேண்டும். மற்றவர் பதில் சொல்லக் கூடாது, தலையாட்டக்கூடக் கூடாது. முகத்தைப் பார்த்துப் பேசக் கஷ்டமாக இருந்தால் கல்லைப் பார்த்துப் பேசலாம் என்றார் அந்த அம்மா.

என் வீட்டுக்காரி கையில் கல் வந்தது. அடுப்பைப் பார்த்து இத்தனை நாள் பேசியவளுக்குக் கல் என்ன கஷ்டமா.

"கல்லு" என்று ஆரம்பித்தாள். "யார் யாரோ பட்த்து எய்ந்த பெட்ட தட்டி தட்டி விரிக்கிறேன். சாய்ங்காலம் வந்து கலச்சிடறாங்க. மறுநா மறுபடியும் விரிக்கிறேன். ஒரு சாமான் செஞ்சேன், அது ஒரு கார்ல எங்கியோ ஓடிக்கினு கீதுன்னு நெனச்சிப் பாக்க எனக்கு ஆச. எங்கம்மா அட்த்தவங்க கொல்லைல மல்லாட்ட செடி புடுங்கி என்ன வளத்திச்சி. நான் கய்த்துல கார்டு மாட்டிக்கினு பஸ்ஸுல குந்திக்கினு போறத அது பாக்கணும். இத சொல்லத்தான் அன்னிக்கி வாயத் தொறந்தேன். அதுக்குள்ள எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அத்தினி பேரு சிரிக்கறப்போ வேற இன்னா பண்றது? கல்லு, நீயாவது சிரிக்காம கேளு."

கல் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. எனக்குப் பதில் சொல்ல அனுமதி இல்லாதது அன்றைக்கு எனக்குக் கிடைத்த பெரிய உதவி. அனுமதி இருந்திருந்தால் என்னத்தையாவது உளறியிருப்பேன்.

கல் என் கைக்கு வந்தது. கல் சூடாக இருந்தது.

"இந்தக் கல்லு ரொம்ப கெட்டி. எங்க மாமியார் சுட்ட வடையா இருக்கும்" என்றேன். அந்தச் சிறுசேரிப் பெண் களுக்கென்று சிரித்தாள். தைரியம் வந்து இன்னொன்று விட்டேன். அதற்குப் பாதிச் சிரிப்பு. மூன்றாவதற்கு அவள் புருஷன் தரையைப் பார்த்தான்.

"சரி, சிரிச்சாச்சு" என்றார் அந்த அம்மா. குரலில் கோபமே இல்லை. "அவசரமில்லை. அடியில வேற ஏதாவது இருக்கான்னு பாருங்க."

இருந்தது. எடுக்கத்தான் முடியவில்லை. கடல் தண்ணீரையே குடிதண்ணீர் ஆக்குகிற பெரிய மெஷின் எங்கள் நெம்மேலியில் இருக்கிறது. என் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தையைப் பிரித்து எடுக்க அந்த மெஷினும் போதாது. எல்லோரும் காத்திருந்தார்கள். என் வீட்டுக்காரி என்னைப் பார்க்காமல் பாயின் ஓரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"காலைல வண்டில வர்றப்ப பின்னால குந்திக்கினு, 'குழி, குழி, குழி கீது'ன்னு கத்திக்கினே வருவா" என்றேன் கல்லிடம். "எந்தக் குழி எங்க கீதுன்னு எனக்குத் தெரியும். ரோடு போட்ட நாள்லருந்து தெரியும். ஆனா இப்ப அவ பேசறதில்ல. எல்லா குழிலயும் உய்ந்து உய்ந்து வரேன். கண்ணு நல்லாத்தான் கீது. அவ பஸ்ஸுல போயிட்டான்னா தனியா ஓட்ட பேஜாரா கீது. அதான். போவாதன்னு சொல்லல. போவட்டும். ஆனா என்னோட பேசிட்டுப் போவட்டும்."

வெளியே வந்ததைக் கேட்டபோது நான் அடித்த ஜோக்குகளிலேயே இதுதான் பெரிய ஜோக் என்று எனக்கே தோன்றியது. குழிக்காகப் பொண்டாட்டியைத் தேடுகிற ஒருத்தன்! யாரும் சிரிக்கவில்லை. அந்தச் சிறுசேரிப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு மகா அவமானம்.

வகுப்பு முடிந்ததும் ஜோடிகள் கையைக் கோத்துக்கொண்டு கடலைப் பார்க்கப் போனார்கள். நாங்கள் பாயைச் சுருட்டினோம். அவள் ஒரு முனை, நான் ஒரு முனை. ஒரு வார்த்தை இல்லை. ஆக, இதுவும் பலிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மாமல்லபுரம் தாண்டித் திருக்கழுக்குன்றம் ரோட்டில் திரும்பியதும் முதுகில் ஒரு குத்து விழுந்தது.

"யோவ்."

அடுப்பும் இல்லை, ஜாடியும் இல்லை. என்னைத்தான். நான் வண்டியை ஓரம் கட்டினேன்.

"இன்னாமே?"

"நாளைக்கி மேனேஜருகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லு."

"நானா? இன்னான்னு?"

"எம் பொண்டாட்டி மறைமலைநகருக்கு வேலைக்கிப் போறா. நான்தான் போவச் சொன்னேன்னு சொல்லு."

"நான் சொன்னா அந்தாளு சிரிப்பாருமே."

"சிரிக்காத மாதிரி சொல்லு. அவ்ளோதான். வண்டிய எடு."

மறுநாள் காலை ஆபீஸ் ரூமில் போய் நின்றேன். தலையைத் தண்ணீர் போட்டு வாரிக்கொண்டு போயிருந்தேன். சொன்னேன். மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார்.

"காலையிலேயே ஆரம்பிச்சிட்டியாப்பா? நேத்து க்ளாஸ்ல வேற ஹீரோ ஆயிட்ட. என்ன, அவங்களுக்குக் கார் கம்பெனியா? உனக்கு ஏரோப்ளேன் கம்பெனியா?"

"இல்ல சார். நெஜமா சார்."

அதற்கும் சிரித்தார். ரிசப்ஷன் பெண்ணைக் கூப்பிட்டு, "இங்க வா, இவன் மூஞ்சிய சீரியஸா வச்சிக்கிட்டுப் பேசறான் பாரு" என்றார். நான் இன்னொரு முறை, கையைக் கட்டிக்கொண்டு, மெதுவாகச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"உடம்பு ஏதாவது சரியில்லையா?"

"நல்லா கீறேன் சார்."

"எதுக்கும் உங்க வீட்டம்மாவை வரச் சொல்லு. விஷயத்தை அவங்ககிட்டயே கேட்டுக்கறேன்."

அவள் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள், கை நிறையத் துவைத்த விரிப்புகளோடு. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. உள்ளே வந்து எனக்குப் பதிலாகச் சொல்லிவிடுவாள், பிழைத்தேன் என்று நினைத்தேன்.

"என்னம்மா இது? இவன் ஏதோ சொல்றான், உண்மையா?"

"அதான் எம் புருசன் சொல்லிக்கினு கீறாரே சார்" என்றாள் அவள். "அவர் சொல்றத கேளுங்க."

மேனேஜர் சிரிப்பை நிறுத்தி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.