மூன்று கோட்டில் ஒரு மரணம்

உயிரோடு இருக்கிற ஒரு மனிதனைப் போன மாதம் நான் கொன்றுவிட்டேன். கத்தி இல்லை, துப்பாக்கி இல்லை. வெறும் பேனா! அதுவும் எனக்குச் சுத்தமாகத் தெரியாத பாஷையில்...

பதறாதீர்கள். ஆள் சௌக்கியம். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ராயபுரத்தில் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ராயப்பன் இருக்கிறான். துறைமுகத்தில் பாரம் தூக்குகிற வின்ச் ஓட்டுகிறவன். சண்டைக் காலத்தில் பினாங்கில் மாட்டிக்கொண்டு, ஜப்பான்காரர்களுக்கு மூட்டை தூக்கியவன். உதையோடு பாஷையையும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினான். பேச்சு கடகடவென்று வரும். எழுத்து அவ்வளவு இல்லை. நம் அரிச்சுவடி மாதிரி ஓசைக்கு ஓர் எழுத்து என்று அவர்களிடம் ஒன்று இருக்கிறது. அது மட்டும் தெரியும்.

போன மாதம் ஒரு ஜப்பான் கப்பலில் நீராவிக் குழாய் வெடித்தது. எஞ்சின் அறையில் இருந்த ஷோஜி என்பவருக்கு இரண்டு கைகளும் வெந்துவிட்டன. கப்பல் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுக் கிளம்பிவிட்டது. அவர் பேசுவது அங்கே யாருக்கும் புரியவில்லை. ராயப்பனைக் கூப்பிட்டார்கள். ராயப்பன் என்னையும் இழுத்துக்கொண்டு போனான். எனக்கு அங்கே என்ன வேலை? வேடிக்கை பார்ப்பதுதான். பத்தி எழுதுகிறவனுக்கு வேறென்ன தொழில்!

“அவ்வளவு உதை வாங்கினாயே, கோபமே இல்லையா உனக்கு?” என்று வழியில் கேட்டேன்.

“ஒதச்சவன் வேற, இவன் வேற வாத்யாரே. இவனும் என்னாட்டம் கப்பல்ல கஷ்டப்படறவன்தான?”

ஷோஜிக்கு ஊரில் தாயார் மட்டும்தான். தகப்பனார் இல்லை. மகனுக்குப் பலத்த காயம் என்று கப்பல் கம்பெனி அந்த அம்மாளுக்குச் சேதி அனுப்பியிருந்தது. அதற்குள் இங்கே கடும் காய்ச்சல் கண்டு, ஆறு நாள் மனிதர் பிழைப்பாரா என்றே தெரியவில்லை. ஏழாம் நாள், புதன்கிழமை காலையில் காய்ச்சல் விட்டது. கண்ணைத் திறந்ததும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அம்மாவுக்கு ஒரு கடிதம். கையில் முழங்கை வரை கட்டு. அவர் சொல்லச் சொல்ல ராயப்பன் மனசில் வாங்கிக்கொண்டான். என் வீட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுவதாக ஏற்பாடு.

கடிதம் இவ்வளவுதான்: ‘டாக்டர் தினமும் பார்க்கிறார். நர்ஸ் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார். கடும் காய்ச்சல் இருந்தது. புதன்கிழமை காலை போய்விட்டது. கவலை வேண்டாம்.’

ராயப்பன் பாட்டுக்குத் தனக்குத் தெரிந்த ஓசை எழுத்திலேயே எழுதியிருப்பான். சனியன், நான் சும்மா இருந்தேனா?

“இதெல்லாம் குழந்தைகள் எழுதுவது இல்லையா? பெரியவர்கள் எழுதுகிற எழுத்து வேறே இருக்கிறதே?” என்றேன்.

இருக்கிறது. ஒவ்வொரு எழுத்தும் ஒரு சின்னக் கோலம் மாதிரி. அதற்குப் பெயர் கஞ்ஜியாம்! வார்டில் ராயப்பன் அந்த வார்த்தையைச் சொல்லப் போக, ஆயாம்மாள் ஒரு டம்ளர் நொய்க்கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் எப்போதோ வாங்கிய ஜப்பானிய அகராதி ஒன்று என்னிடம் கிடந்தது. எடுத்தேன். ஆஹா, என்ன அதிசயம் என்கிறீர்கள்! ‘மிரு’ என்று ஒரு வினைச்சொல். பார்ப்பது என்று அர்த்தம். கண்ணால் பார்த்தால் ஒரு எழுத்து. டாக்டர் நோயாளியைப் பார்த்தால் வேறு எழுத்து. நோயாளியைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டால் அதற்கும் தனி எழுத்து. சத்தம் மூன்றுக்கும் ஒன்றேதான்!

நம்மிடமும்தான் கடல் பார்க்கிறோம், டாக்டர் பார்க்கிறார், பெண் பார்க்கிறோம்... ஒரே ‘பார்’தானே? நமக்குக் காது போதும். அவர்களுக்குக் கண்ணும் வேண்டியிருக்கிறது. டாக்டருக்கு உரிய ‘மிரு’வையும் நர்ஸுக்கு உரிய ‘மிரு’வையும் தேடிப் பிடித்து எழுதி முடித்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்தது ‘நகுனரு’. போய்விடுதல், இல்லாமல் போதல். இதற்கு இரண்டு எழுத்து. இங்கிலீஷில் பார்த்தால் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பொருள்தான் போட்டிருந்தது. ஒன்றுக்குப் பன்னிரண்டு கோடு. மற்றொன்றுக்கு மூன்றே கோடு.

“பன்னெண்டு கோடா? பேஜாரு வாத்யாரே! கை ஒடிஞ்சி பூடும். இத்தப் பாரு, மூணே கோடு. ரெண்டும் ஒரே சத்தந்தான?”

“அப்படியானால் சின்னதையே போடு” என்றேன்.

நான்தான் சொன்னேன். மறைப்பானேன்?

உறையின் மேல் ராயப்பன் பெயரும் விலாசமும் எழுதி, அன்று மாலையே விமானத் தபாலில் போட்டாயிற்று. மறுநாள் காலை, எங்கள் பிரதாபத்தைக் காட்டிக்கொள்ள, நகலை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனோம். ராயப்பன் தாளை ஷோஜியின் முகத்துக்கு நேரே பிடித்தான். அவர் சிரித்துக்கொண்டே படித்தார். டாக்டர் வரியில் தலையாட்டினார். நர்ஸ் வரியில் ‘அட!’ என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. முகம் வெளுத்துப்போய், ராயப்பனிடம் மெல்ல ஏதோ கேட்டார்.

“என்ன சொல்கிறார்?”

ராயப்பனுக்கு வாய் குழறியது. “நான் எப்ப செத்தேன்னு கேக்கறாரு வாத்யாரே...”

காய்ச்சல் போனால், வலி போனால், பேனா தொலைந்து போனால் பன்னிரண்டு கோடு போட வேண்டும். மனிதர் போனால்தான் மூன்று கோடு! நாங்கள் எழுதியதை மறுபடி வாசித்துப் பாருங்கள். ‘கடும் காய்ச்சல் இருந்தது. புதன்கிழமை காலை காலமானார். கவலை வேண்டாம்.’

கவலை வேண்டாமாம்! கடல் தாண்டி ஒரு தாய், தினமும் தபால்காரர் வருகிற வழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் போய், என் பவிஷைக் காட்ட, இதையா அனுப்பினேன்?

ராயப்பன் சைக்கிளை மிதிக்க, நான் பின்னால் தொற்றிக்கொள்ள, தபாலாபீசுக்குப் பறந்தோம். குமாஸ்தா நிதானமாக மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். “நேத்துத் தபாலா? பை அப்பவே போயிடுச்சே சார்.”

இனித் தந்திதான் கதி. ஆனால் தந்தியில் கோலம் எழுத்து ஏது? இங்கிலீஷ் எழுத்தில் சத்தத்தை மட்டும்தான் அடிக்க முடியும். ‘நகுனரு’ பக்கமே போகக் கூடாது என்று, நாங்கள் வார்டை விட்டுக் கிளம்பும்போதே ஷோஜி கட்டாயமாகச் சொல்லி, வேறு வார்த்தை கொடுத்திருந்தார். ‘இகிதே இமாசு’ — உயிரோடு இருக்கிறார்.

“இது என்ன, ரகசிய பாஷையா?” என்று தந்தி குமாஸ்தா சந்தேகப்பட்டார்.

“ரகசியமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. சார், நைனா, உன் காலைப் புடிக்கறேன், எயுத்து எயுத்தாப் பாத்து அடி. இகிதேன்னா உசுரோட கீறான். இத்தேன்னு அடிச்சா பூட்டான். நடுவுல ஒரு எயுத்து பிசகினா ஆளு மறுபடியும் காலி!”

குமாஸ்தா மிரண்டுபோய், மூன்று தரம் வாய்விட்டுப் படித்துக் காட்டினார்.

அப்புறம் பதினைந்து நாள். பதில் இல்லை. நான் வார்டுக்குள் நுழையும்போதெல்லாம் ஷோஜி என் கையில் கடிதம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. தந்தி முந்துமா, கடிதம் முந்துமா? முந்தினால்தான் என்ன, அந்த அம்மாள் எதை நம்புவாள்? இரண்டு வாரம் இந்தப் பத்தி வராததற்கு ஜலதோஷம் என்று ஆசிரியர் போட்டிருந்தார் அல்லவா? ஜலதோஷமெல்லாம் இல்லை. பேனாவை எடுக்கவே பயமாக இருந்தது.

போன வெள்ளிக்கிழமை ராயப்பன் பெயருக்கு ஜப்பானிலிருந்து ஓர் உறை வந்தது. அவன் அதைப் பிரிக்காமல் வார்டுக்குக் கொண்டுவந்தான். நான்தான் பிரித்தேன். முழுக் கடிதமும் அந்த ஓசை எழுத்திலேயே இருந்தது. ஒரு கோலம்கூட இல்லை. எங்கள் கோலத்தின் லட்சணத்தைப் பார்த்துவிட்டு, ராயப்பனுக்குப் புரிய வேண்டும் என்றே அந்த அம்மாள் அப்படி எழுதியிருக்கிறாள். அவன் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்து, எனக்குத் தமிழில் சொன்னான்.

‘தந்திதான் முதலில் வந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டேதான் உங்கள் கடிதத்தைப் படித்தேன். என் மகன் புதன்கிழமை காலமாகி, வியாழக்கிழமை உயிரோடு இருக்கிறான். மதராஸ் டாக்டர்கள் மிகவும் கெட்டிக்காரர்கள். அவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.’

ஷோஜி கட்டுப்போட்ட கையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். சிரிக்கிறாரா, அழுகிறாரா, தெரியவில்லை. எனக்கு அழுகைதான் வந்தது. ராயப்பன் துண்டால் மூக்கைச் சிந்திக்கொண்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான்.

“நம்ம ஏசுவுக்கே மூணு நாள் ஆச்சு வாத்யாரே... இவரு ரெண்டாம் நாளே எயுந்துட்டாரு!”